பருவ முடிவும் சாப்பாட்டு டப்பாவும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

இனி, சில வாரங்களாக மனதை அரிக்கும் ஒரு விஷயம். மதிய இடைவேளையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது என் வழக்கம். அன்றைக்கு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி டப்பாவிலிருந்த சோற்றை ஸ்பூனால் வழித்து மூடியில் குவித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா?" என்றேன். "கார்ப் சார், குண்டாயிடுவேன்" என்றாள். சொன்ன கையோடு பாட்டிலைத் திறந்து பாதி ஆரஞ்சு ஜூஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். கார்ப் என்பது கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்து, சர்க்கரை போன்றவை. ஒதுக்கியதும் கார்ப், குடித்ததும் கார்ப் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன பயன்? பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வந்த பேச்சுதான் அது.

பெரியவர்கள் எடை குறைக்க எந்த வழியில் போனாலும் அது அவரவர் விருப்பம். (நானும் ஒருமுறை கார்போஹைட்ரேட்டை விட்டுப் பார்த்து 11-ஆம் நாள் சரணடைந்தவன்.) வளரும் பிள்ளைகள் கதை வேறு. மூளைக்கு முதல் எரிபொருள், கார்ப் செரித்துக் கிடைக்கும் குளுக்கோஸ் என்ற சர்க்கரை. பெரியவர் ஒருவர் சும்மா இருக்கும்போதே உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. சிறு பிள்ளைகளுக்கு அந்தப் பங்கு இன்னும் அதிகம். இரவெல்லாம் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் கொடுப்பதால், விடியும்போது அந்தச் சேமிப்பு நன்றாகக் குறைந்திருக்கும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து மதியச் சோற்றையும் ஒதுக்கும் பிள்ளை, கடைசிப் பாடவேளையில் மேசைமீது தலையைச் சாய்த்துவிடுகிறது.

ஒரு கிராம் கார்போஹைட்ரேட்டில் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9. ஆக, கார்ப் என்ற பெயரைக் கேட்டே பயப்பட வேண்டாம், அது எந்த உருவில் வருகிறது என்று பாருங்கள். முழுத் தானியம், பயறு, காய், பழம் இவற்றில் நார்ச்சத்தும் கூடவே வருவதால் சர்க்கரை மெதுவாக ரத்தத்தில் சேரும். 6 முதல் 9 வயது வரை நாளுக்குக் குறைந்தது 21 கிராம், 10 வயதிலிருந்து 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றின் இனிப்பெல்லாம் சேர்ந்து மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதே. நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம். 330 மில்லி குளிர்பானத்தில் சாதாரணமாக 35 கிராம் வரை இருக்கும். பழத்தைக் கடித்துத் தின்றால் இந்தக் கணக்கில் சேராத சர்க்கரை, பிழிந்து சாறாக்கியதும் சேர்ந்துவிடும்.

இரண்டு சுற்றறிக்கை அனுப்பியும் மாற்றமில்லை என்பதால் தெளிவாகவே சொல்கிறேன். அடுத்த பருவம் தொடங்கும் நாள்முதல் பாட்டிலில் தண்ணீர் மட்டும். வேறு எது வந்தாலும் வகுப்பாசிரியர் வாங்கி வைத்து மாலையில்தான் தருவார். சர்க்கரை திடீரென்று இறங்கினால் எடுத்துக்கொள்ள இனிப்பு வைத்திருக்க வேண்டிய நீரிழிவுப் பிள்ளைகளுக்கும், வலிப்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ மருத்துவர் தனி உணவு எழுதிக் கொடுத்தவர்களுக்கும் இது பொருந்தாது. மருத்துவர் கடிதம் ஒன்று போதும். இன்னொன்று, தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் அவர்கள் எடையைப் பற்றிப் பேச வேண்டாம்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. சரியான விடைக்குச் சாக்லேட் கொடுத்து வந்தது நாங்கள்தான். அதை நிறுத்திவிட்டோம், இனி பென்சில்.

விடியும் முன் எழுந்து, ஆளுக்கொரு ருசி பார்த்து டப்பா கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். இந்தப் பருவம் முழுக்க நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: யாரும் கேட்டு வராத டப்பா மூடிகள் 14 அலுவலகத்தில் கிடக்கின்றன. விடுமுறைக்கு முன் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.