கொடிநாளுக்கு நம் பிள்ளைகள் தைக்கும் ஆவண உறை

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949 முதல் நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். பெங்களூர் மெட்ராஸ் என்ஜினியர் குரூப், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று தரைப்படைப் பிரிவுகளின் பெயரைச் சொல்லி நம் பக்கத்துப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். உண்டியலில் காசு போடுவதோடு, இந்த ஆண்டு நம் ஊர் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குப் பிள்ளைகள் கையால் தைத்த ஆவண உறை ஒன்றைக் கொடுக்கப் போகிறோம்.

சால்வையும் கேடயமும் அலமாரிக்குப் போய்விடும். டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றுப் புத்தகம்), ஓய்வூதிய ஆணை, மருத்துவத் திட்ட அட்டை ஆகியவைதான் அந்த வீட்டில் ஆண்டு முழுக்கத் தேவைப்படுபவை. கணவரை இழந்த அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும்போது முதலில் கேட்கப்படுவதும் இவைதான். பல வீடுகளில் அவை ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் மடிந்து, மடிப்பில் கிழிந்து கிடக்கின்றன.

ஓர் உறைக்கு 36 அங்குல அகலக் காடா துணி ஒன்றேகால் மீட்டர் வேண்டும். வாங்கியதும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். புதுக் காடா முதல் சலவையில் சுருங்கும். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் இழுத்துக்கொண்டு, உள்ளே வைக்கும் காகிதம் வளையும். நீளவாக்கில் 31 செ.மீ. அகலம், 94 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள். ஏ4 அளவுக்கு வெட்டிவிட வேண்டாம். பழைய ஆணைகள் அதைவிட நீளமானவை, அடியில் மடங்கிவிடும்.

மூடியாகும் பக்கத்தில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று பட்டைகள் வரும். தரைப்படை, கடற்படை, விமானப்படை என்ற அந்த வரிசை மாறக் கூடாது. ஒவ்வொன்றும் 4 செ.மீ. அகலத்தில் வெட்டி, இருபுறமும் முக்கால் செ.மீ. மடித்துத் தைத்தால் இரண்டரை செ.மீ. நிற்கும். சிவப்புத் துணியை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேறு துணி எடுங்கள். மழையில் ஒருமுறை நனைந்தால் போதும், ஆணையில் உள்ள எழுத்தின் மேலேயே சாயம் ஏறிவிடும்.

பட்டை தைத்ததும் இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து, சுற்றிலும் 1 செ.மீ. விட்டுத் தைக்க வேண்டும். ஓரிடத்தில் 10 செ.மீ. திறந்து விட்டு, அதன் வழியே திருப்பி, பிறகு அதை மூட வேண்டும். அடிப்பக்கம் முப்பத்தெட்டரை செ.மீ. மேலே மடித்து, இரு ஓரங்களையும் இரட்டை நூலில் கெட்டித் தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது) போட்டால் தபால் உறை போல ஆகிவிடும். இங்கே ஓட்டுத் தையல் நிற்காது. காகிதத்தின் கனம் வாய் ஓரத்தில்தான் இழுக்கும். அந்த இரு மூலைகளிலும் நான்கைந்து தையல் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

மூட மரப் பொத்தானும் நூல் வளையமும் போதும். இரும்புப் பிரஸ் பட்டன் துருப்பிடித்துக் கறையாக்கும், எலாஸ்டிக் வெயிலில் இளகி ஒட்டும். மைதா பசையும் வேண்டாம், அது பூச்சியை அழைக்கும்.

தேசியக் கொடியை உறையில் வரையவோ தைக்கவோ கூடாது. பொருள் வைக்கவும் சுமக்கவும் கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது கொடி விதித்தொகுப்பு. ஆசையாகச் செய்து வந்த பிள்ளையிடம் அன்று அதைச் சொல்வதைவிட இன்றே சொல்லிவிடுவது நல்லது. படை எண்ணையும் வெளியே தைக்க வேண்டாம், அது அந்தக் குடும்பத்தின் தனி விவரம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் தைப்பார்கள். பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தையல் மெஷினில் நீங்களே முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். தையல் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. சிறு வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வைக்கும் வாழ்த்து அட்டையைச் செய்வார்கள். அதில் நாயக், ஹவில்தார், சுபேதார் என்ற பதவியைப் பெயருக்கு முன் சரியாக எழுத வேண்டும். வீரர் இறந்துவிட்ட வீடாக இருந்தால் அட்டையை அவர் மனைவி அல்லது தாயின் பெயருக்கே எழுதுங்கள். எப்படி இறந்தார் என்று பிள்ளைகள் கேட்க வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

உங்கள் தெருவில் உள்ள முன்னாள் படைவீரர் குடும்பங்களின் பெயரையும் பதவியையும் அவர்களிடமே கேட்டு எழுதி, நவம்பர் 20-க்குள் வகுப்பாசிரியரிடம் தாருங்கள். துணி வாங்க இயலாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், பள்ளியில் இருந்து தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்