கணுக்கால் சுளுக்குக்கும் ஸ்கேன் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிட்டால் என் ஸ்கேன் அறைக்கு நொண்டிக்கொண்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். எங்கள் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். கணுக்கால் பிசகாத ஆட்டக்காரரை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே கதைதான். பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்கம் வீங்கியிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று வந்ததும், எண்ணெய் போட்டு நீவிவிட்டு மறுவாரமே மைதானத்தில் இறங்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் நேரே எம்.ஆர்.ஐ.க்குச் சீட்டு. நடுவில், நாம் வெறுமனே ஸ்கேன் என்று சொல்லும் அல்ட்ராசவுண்ட் என்று ஒன்று இருப்பது யார் நினைவுக்கும் வருவதில்லை.

“காலுக்கு எதுக்கு டாக்டரம்மா ஸ்கேனு? அது புள்ளத்தாச்சிக்குல்ல எடுப்பாக?” என்று ஒரு மாணவியின் அம்மா கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என வாசலிலேயே பலகை தொங்கும்போது, உள்ளே போய்க் கணுக்காலைக் காட்டலாம் என்று யாருக்குத் தோன்றும்?

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், எலும்புகளை இணைக்கும் ஜவ்வைக் காட்டாது. அந்த மாணவியின் காலில் நான் பார்த்தது வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பின் முனையிலிருந்து முன்பக்கமாகப் பாதத்து எலும்புக்குப் போகும் ஜவ்வை. சுளுக்கில் முதலில் அடிபடுவது அதுதான். தடிமன் இரண்டு மில்லிமீட்டர் அளவு. நல்ல ஜவ்வு திரையில் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் போல வெள்ளை வெள்ளையாக, வரிசை குலையாமல் தெரியும். அவளுக்கு அந்த இழைகள் பாதியில் அறுந்து, இடையில் கறுப்பாக நீர் கட்டியிருந்தது. குதிகாலைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்தேன். திரையில் அந்த இடைவெளி விரிந்தது. அசையாமல் படுக்க வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் இப்படி இழுத்துப் பார்க்க வழியில்லை. மற்றக் காலையும் அதே இடத்தில் வைத்து ஒப்பிட முடிந்ததும் கூடுதல் வசதி.

இதில் ஆளின் கைக்குப் பெரும் பங்கு உண்டு. தோலின் மேல் வைத்துப் பார்க்கும் புரோபைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே நல்ல ஜவ்வும் கறுப்பாகி, கிழிந்ததுபோல் காட்டும். சாய்த்தும் நிமிர்த்தியும் பார்க்காமல் ‘கிழிசல்’ என்று எழுதுவது பாவம். வயிற்று ஸ்கேனுக்கு வைக்கும் வளைந்த புரோபும் இதற்கு உதவாது. தைராய்டு பார்க்கப் பயன்படுத்தும் தட்டையான, 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யும் புரோப் வேண்டும்.

முழங்கால் விஷயம் வேறு. உள்பக்கவாட்டு ஜவ்வை ஸ்கேனில் நன்றாகவே பார்க்கலாம். ஆனால் ஆட்டக்காரர்கள் பயப்படும் ஏசிஎல் என்ற முன் குறுக்கு ஜவ்வு மூட்டின் நடுவே, எலும்புகளுக்குள் மறைந்திருக்கிறது. ஒலி அலை எலும்பைத் துளைத்துப் போகாது. அதற்கு எம்.ஆர்.ஐ.தான். ஏசிஎல் பார்க்க ஸ்கேன் கேட்டு வருபவர்களைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

ஸ்கேன் எடுத்துப் பிழைக்கும் நானே சொல்கிறேன், எல்லாச் சுளுக்குக்கும் ஸ்கேன் வேண்டாம். கணுக்கால் ஜவ்வு முழுதாகக் கிழிந்தாலும் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமல், கட்டும் பயிற்சியுமாகவே சரியாகிவிடும். வாரங்கள் கடந்தும் வலி விடாதவர்கள், நடக்கும்போது கால் திரும்பத் திரும்பப் பிசகுபவர்கள், மறுபடி ஆட வேண்டியவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்தது. அடிபட்டதும் சரி, ஆஸ்பத்திரியில் பார்க்கும்போதும் சரி, நாலடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பிலோ முனையிலோ அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாத எலும்புகளுக்கும் இப்படி ஓரிரு இடங்களைக் குறித்திருக்கிறார்கள். நம் உடற்கல்வி ஆசிரியர்கள் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

வெளிநாடுகளில் மைதானத்து ஓரத்திலேயே கையடக்கக் கருவியை வைத்துப் பார்ப்பதுபோல இங்கே முடியாது. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த இடங்களுக்கு மட்டுமே ஸ்கேன் கருவியை விற்கலாம். அந்தக் கட்டுப்பாடு தளரக் கூடாது என்பதே என் கருத்து. கருவியை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டாம், ஆட்டக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு, அரசு மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் கருவி வாங்கும்போது தட்டையான புரோபும் சேர்த்து வாங்க வேண்டும். மூட்டு ஸ்கேனில் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். சுகாதாரத் துறை இதைக் கவனிக்கட்டும்.

ஸ்கேனுக்கு வருபவர்கள் பழைய எக்ஸ்ரேயையும் எடுத்து வாருங்கள். பத்து போட்டிருந்தால் கழுவிவிட்டு வாருங்கள். அது காய்ந்திருந்தால் ஜெல் ஒட்டாது.

– ஒரு ரேடியாலஜி மருத்துவர், கோவில்பட்டி