உள்ளங்கையில் 7:10

அன்புடையீர்,

இதை வலது கையால் எழுதுகிறேன். காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பது இடது கை. பக்கவாதம் வந்தும் அது பிடித்துக்கொண்டிருப்பதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் மருமகளுக்கு. அன்று காலை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். துளை சின்னது என்று தையல்காரரைத் திட்டினேனே தவிர, விரல்மேல் சந்தேகமே வரவில்லை. "மாமா, கொஞ்சம் சிரிங்க" என்றாள். எரிச்சலோடு சிரித்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதாம். இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள். இடது கை தானாகத் தாழ்ந்தது. "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் தூங்கினா சரியாயிடும்" என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவள் காதில் விழுந்தது வெறும் குழறல். வலி துளியும் இல்லை. வலித்திருந்தால் நானே கிளம்பியிருப்பேன்.

உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டாள். 7:10-க்கு அவளிடம் நாளிதழ் கேட்டு வாங்கியபோது நான் நன்றாகப் பேசியது நினைவிருந்ததால், அந்த நேரத்தைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பதறி ஓடிவந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி. நீங்கள் நீட்டிய தண்ணீரையும் ஆஸ்பிரினையும் அவள் தடுத்ததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். மூளையில் ரத்தக்கசிவு என்றால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். மூளை ரத்தக்குழாயில் அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் டாக்டராலும் சொல்ல முடியாது. (இதெல்லாம் கட்டிலில் கிடந்து கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அன்று நானாக இருந்தால் நானும் மாத்திரையைத்தான் தேடியிருப்பேன்.)

ஆம்புலன்ஸில் வந்த தம்பி விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை தாழ்ந்தாலும் இப்படியே இருக்குமாம். "யாரோ என்மேல் கை வைத்திருக்கிறார்கள், எடுக்கச் சொல்லுங்கள்" என்று அவரிடம் சண்டை போட்டேனாம். அது என் இடது கை! அருகிலிருந்த சின்ன மருத்துவமனையைத் தாண்டி, சிடி ஸ்கேனும் பக்கவாதச் சிகிச்சையும் உள்ள இடத்துக்கே வண்டியை விடச் சொல்லி, முன்கூட்டியே போனும் செய்துவிட்டார். அதனால் நேரே ஸ்கேன் அறைக்குத்தான் போனோம்.

டாக்டரின் முதல் கேள்வி: "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" மருமகள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்தை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதுவரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. ஸ்கேனில் கசிவு இல்லை. ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு 8:50-க்கு மருந்தை ஏற்றினார்கள். அன்று இரவே சுண்டுவிரல் அசைந்தது.

காபி கேட்டு நான் வைத செவிலியர் அம்மா, மன்னிக்க வேண்டும். கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்துத் தொண்டையைச் சோதிக்காமல் எதுவும் தரக்கூடாது என்று நீங்கள் பிடிவாதமாக நின்றது எனக்காகத்தான்.

பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கு: சட்டையில் எல்லாப் பொத்தானும் போட வந்துவிட்டது. கழுத்துப் பொத்தான் மட்டும் அடம்பிடிக்கிறது. செவ்வாய்க்கிழமை அதையும் போட்டுக்கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
ஒரு மாமனார்