கால் வலியோடு நடக்கும் பாப்பாவுக்கு

பாப்பா,

"கொஞ்சம் நோவுதும்மா, பரவாயில்லை" என்று நீ சொன்ன குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கொஞ்சம் இல்லை என்று. ஸ்பெயினில் சாந்தியாகோ கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறவள், பர்கோஸ் ஊரைத் தாண்டி வெட்டவெளியில் நடக்கிறாய், குதிகாலில் கொப்புளம், இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்போடு ஒரு வலி, ஆனால் கூட வருகிறவர்கள் எல்லாரும் தாங்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள் என்கிறாய். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், எங்கேயாவது உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு படி.

நானும் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்தவள்தான். சித்ரா பௌர்ணமிக்குப் போனால் பகலில் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது, அதனால் ராத்திரியில்தான் நடப்போம், கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் என்று. போளூர் வருவதற்குள் பாதி பேர் நொண்டிக்கொண்டிருப்பார்கள். வலியைத் தாங்கினால்தான் வேண்டுதல் பலிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், நான் அதை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. அலுப்பைத் தாங்கலாம், தொடை பிடிப்பதையும் பாதம் முழுக்க காந்துவதையும் தாங்கலாம், அதெல்லாம் ராத்திரி தூங்கி எழுந்தால் பாதியாகிவிடும். ஒரே இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் சுரீர் என்கிறது, படுத்திருக்கும்போதும் விடாமல் வலிக்கிறது, நடக்க நடக்கக் கூடுகிறது என்றால் அது வேறு. எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விழுந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதைத் தாங்குவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. உன் இடது காலை இன்றைக்கே அப்படி அழுத்திப் பார். மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தால் வலி தெரியாது, அதனால்தான் நடப்பதற்கு முன்னால் போடாதே என்கிறேன்.

வலியே தெரியாத கால் எப்படி இருக்கும் என்று உன் பெரிய மாமாவிடம் பார்த்தேன். சுகர் வந்து பாதம் மரத்துப்போயிருந்தது. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் செருப்பைக் கழற்றினார், வார் எல்லாம் ரத்தம், உள்ளே மிளகு அளவு ஒரு ஜல்லிக் கல். அவருக்கு அதுவரைக்கும் தெரியவே தெரியாது. அப்புறம்தான் அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். அந்த மெத்தென்ற கறுப்பு ரப்பர் செருப்பு நம்ம கரிகிரி ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளுக்குச் செய்து கொடுப்பது. அவர்களுக்கு விரல்கள் போவது நோய் தின்று இல்லை, வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத்தான் என்று சிஎம்சியில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் கண்டுபிடித்தார். உனக்கு வலிக்கிறது என்றால் உன் கால் உன்னிடம் பேசுகிறது பாப்பா, அதைக் கேட்காமல் நடக்காதே.

கொப்புளம் சின்னதாக இருந்தால் உடைக்காதே, மேலே ஒட்டி மூடு. பெரிதாகி நடக்கவே விடவில்லை என்றால் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வெளியே விடு, மேல்தோலைப் பிய்க்கவே கூடாது, அதுதான் புண்ணுக்கு மூடி. ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டுவைக்கிற பழக்கம் அங்கேயும் இருக்கிறதாமே, நம்ம பக்கமும் உண்டு, அதைச் செய்யாதே, நூல் வழியாக அழுக்கு உள்ளே போகும். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ நடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போ.

ஷூ விஷயத்தில் நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தே உன்னைப் படிக்கவைத்தவள் நான். குதிகால் பக்கம் உள்ளே விறைப்பாக ஒரு அட்டை வைத்திருப்பார்கள், கயிறு தளர்ந்தால் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கி அதில்தான் உரசும். மேலே கடைசியாக ஒரு ஓட்டை சும்மா இருக்கும் பார், அதிலும் கயிறைக் கோத்து இறுக்கு, விரல் பக்கம் தளர்வாக விடு. நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும், சாயங்காலம் விரல் நுனியில் இடிக்கிற ஷூ இறக்கத்தில் நகத்தைக் கறுக்கவைத்துவிடும். ஓர் இடம் சூடாகிறது என்று தெரிந்த அந்த நிமிஷமே உட்கார்ந்து டேப் ஒட்டு, அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. மத்தியானம் சாக்ஸை மாற்று, பருத்தி வேண்டாம், அது வேர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கம்பளியே போடு. ஷூ நனைந்தால் உள்ளட்டையை எடுத்துவிட்டு பேப்பரைத் திணித்து வை, ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, தோல் விறைத்துப்போகும், பசை விட்டுவிடும்.

நடுவில் பஸ் ஏறினால் எல்லாம் வீண் என்று நினைக்கிறாய். சாந்தியாகோவுக்கு முந்தைய கடைசி 100 கிலோமீட்டரை நடந்தாலே சான்றிதழ் தருகிறார்கள் என்று நீயே சொன்னாயே. அதற்குக் கால் வேண்டும். பிரான்ஸ் எல்லையிலிருந்து கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர் என்று கிளம்பியவள் நடுவில் இரண்டு நாள் ஓய்வெடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பையை அடுத்த தங்கும் இடத்துக்கு வண்டியில் அனுப்பிவிடலாம் என்றாயே, அனுப்பு, அதில் என்ன வெட்கம். போளூர் ரோட்டில் எங்கள் மூட்டையெல்லாம் பின்னால் டாடா ஏஸில்தானே வந்தது.

அப்பா ஒன்றும் கேட்கமாட்டார், ஆனால் மேப்பில் நீ இருக்கிற ஊரைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறார். உனக்குக் காலை ஆறு மணி என்றால் இங்கே ஒன்பதரை, நான் சமையலை முடித்திருப்பேன். நாளைக்கு நடக்கிறாயா, தங்குகிறாயா என்று எழுந்ததும் ஒரு மெசேஜ் போடு. தங்குகிறேன் என்று போட்டால் எனக்கு நிம்மதி.

அம்மா