அவன் இறங்கும் காலைப் பாருங்கள்: வன்னியின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பாடசாலைகளில் கூடைப்பந்து பழக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும், மைதானத்து ஓரத்தில் நின்று கைதட்டும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

கரப்பந்தும் உதைபந்தும் ஊறிய மண் இது. கூடைப்பந்து ஆடும் பிள்ளைகள் குறைவு. அதனால் ஒரு நல்ல பெடியன் தலையெடுத்தால் எல்லாருடைய கண்ணும் அவன்மேல்தான். எங்கள் பாடசாலையில் இப்போது அப்படி ஒருவன் வந்திருக்கிறான். தரம் 11 படிக்கிறான். வலயமட்டப் போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், "பழைய ஆள் திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றார்கள். அதே மூச்சில், "அவனை மாதிரிக் காலை உடைச்சுக்கொள்ளாமல் இருந்தால் சரி" என்றும் சொன்னார்கள்.

அந்தப் பழைய ஆளோடு ஒரே அணியில் ஆடியவன் நான். எனக்கு ஒரு வகுப்பு மேல், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இன்று பரந்தன் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். குட்டி வாங்கில் இருந்து வேலை செய்யும்போது இடது கால் மடங்காது, நீட்டியபடியே கிடக்கும். எழும்புவதற்குச் சைக்கிளின் சீற்றைப் பிடிக்க வேண்டும். வயது நாற்பதுகூட இல்லை.

ஊரில் சிலர் அவருக்கு எலும்பில் பலம் இல்லை என்கிறார்கள். சிலர் பயந்துபோய் விட்டுவிட்டார் என்கிறார்கள். இரண்டும் பொய். நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கிழமை திங்கட்கிழமை கரப்பந்து, புதன்கிழமை 400 மீற்றர், வெள்ளிக்கிழமை கூடைப்பந்து. மூன்றிலும் அவர்தான் எங்களுக்கு நம்பிக்கை. வியாழன் இரவே முழங்கால் வீங்கியிருந்தது. நோ எண்ணெய் பூசி, துணியால் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார். கடைசிப் பகுதியில் நாங்கள் நல்ல முன்னிலை. அவரை வெளியே எடுத்திருந்தாலும் வென்றிருப்போம். யாரும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பந்தைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினார். காய்ந்த தடி முறிவது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு பரியாரி, கட்டு, ஒத்தடம். எம்.ஆர்.ஐ. எடுக்க யாழ்ப்பாணம் போனபோது மாதங்கள் கடந்துவிட்டன. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும், ஏ.சி.எல். என்று டொக்டர்மார் சொல்லும் நார் முழுதாக அறுந்திருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸின் கதையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2008இல் புது வீரர்களைத் தெரிவுசெய்தபோது சிக்காகோ புல்ஸ் அணி முதலாவது ஆளாக எடுத்த பெடியன். 2011இல், 22 வயதில், என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் வரலாற்றிலேயே மிக இளைய வயதில் அந்தப் பருவத்தின் பெறுமதிமிக்க வீரர் விருதை வாங்கியவர். 2012 ஏப்ரல் 28, பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டம். முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை, புல்ஸ் 12 புள்ளி முன்னிலை. அப்போதுதான் அவருடைய இடது முழங்காலில் ஏ.சி.எல். அறுந்தது. அந்த நேரத்தில் அவரை ஏன் உள்ளே வைத்திருந்தார்கள் என்ற கேள்வி அங்கே பல வருடம் ஓடியது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. டொக்டர்மார் சரி என்ற பிறகும் ஏன் வரவில்லை, பயந்துவிட்டாரா என்று அங்கேயும் கதைத்தார்கள். 2013 நவம்பரில், திரும்பி வந்து சில ஆட்டங்களுக்குள், போர்ட்லண்டில் வலது முழங்காலின் சவ்வு கிழிந்தது. மற்றக் கால்! ஒரு கால் நொந்தால் உடம்பு மற்றதன்மேல் பாரத்தைப் போடும் என்பது வயலில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

ஜா மொரான்ட் என்ற இன்னொரு வீரர் வந்தபோது அமெரிக்காவில் பலர் அவரை அடுத்த ரோஸ் என்றார்கள். அதே உயரம், அதே பாய்ச்சல், ஆளுக்கு மேலால் ஏறிப் போடும் அதே துணிச்சல். 2019இல் மெம்பிஸ் அணி இரண்டாவது ஆளாக எடுத்தது. 2020இல் சிறந்த புதுமுகம் ஆனார். எல்லாரும் அவருடைய முழங்காலுக்குத்தான் பயந்தார்கள். ஆனால் 2024 ஜனவரியில் அந்தப் பருவத்தை முடித்து வைத்தது தோள்பட்டைக் காயம். அந்தப் பருவத்தில் அதே அணியில் ரோஸும் இருந்தார். ஒருவரைப் பார்த்து மற்றவரின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

ஆனபடியால் உங்களிடம் முதலாவதாகக் கேட்பது, அந்தப் பெடியனுக்கு முன்னால் இந்த ஒப்பீட்டைச் செய்யாதீர்கள். புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொல்கிறீர்கள். அவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. "அண்ணாவுக்கு எத்தனை வயசில முறிஞ்சது?" என்று என்னிடம் கேட்டான். நான் சொன்னதும் விரலை மடக்கி எண்ணினான்.

ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் பாய்ச்சலை விட்டுவிட்டு இறங்குவதை ஒப்பிடுங்கள். இரண்டு பின்னேரம் போய் அவனைக் கவனித்தேன். பத்துத் தடவை ஏறினால் ஏழெட்டுத் தடவை வலது காலில் மட்டும்தான் இறங்குகிறான். இறங்கும்போது முழங்கால் நேரே மடங்காமல் உள்பக்கம் சரிகிறது. சீமெந்துத் தரையில் பக்கத்துக் கிரவல் பறந்து வந்து படிந்திருக்கிறது, சப்பாத்து வழுக்குகிறது. அண்ணாவும் அப்படித்தான் இறங்குவார். அன்று எங்களில் எவருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

இதைத் திருத்தலாம். இரண்டு காலில், முழங்காலை மடக்கி, சத்தம் வராமல் இறங்கப் பழக்க வேண்டும். மொரான்டின் அப்பா வீட்டு முற்றத்தில் ட்ரக்டர் டயர்களை வைத்துத்தான் மகனைத் துள்ளப் பழக்கினார். வன்னியில் பழைய ட்ரக்டர் டயருக்கு என்ன பஞ்சம்! உதைபந்து வீரர்கள் காயப்படாமல் இருக்க ஃபிஃபா செய்த 11+ என்ற பயிற்சிக்கு 20 நிமிடமும் ஒரு பந்தும் போதும், அது கூடைப்பந்துக்கும் உதவும். வலைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அவசியம், ஏனென்றால் இந்த நார் அறுவது ஆண்பிள்ளைகளைவிட அவர்களுக்கு அதிகம். ஆட்டத்துக்கு முன் ஒரு தும்புத்தடியால் தரையைக் கூட்டுங்கள்.

அப்புறம், ஒரு பிள்ளையை ஒரே கிழமையில் மூன்று விளையாட்டுக்கு இறக்காதீர்கள். ஆசிரியர் குறைவு, பிள்ளைகள் குறைவு, மாகாணமட்டத்துக்குப் போனால்தான் பாடசாலைக்குப் பெயர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வீங்கிய காலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஏ.சி.எல். சத்திரசிகிச்சை செய்தவர் ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். வீக்கத்தோடு வரும் பிள்ளையை ஒரு ஆட்டம் இருத்தி வைக்க உங்களால் முடியாதா?

காலின் அருமையை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் போட்டிகளைப் பார்க்கச் செயற்கைக் காலோடு வரும் அப்பாமார் இருக்கிறார்கள். அன்று அந்தக் கால்களை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இந்தப் பெடியனின் காலைக் காப்பாற்றலாம்.

போன கிழமை கடைக்குப் போய் அண்ணாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கையிலிருந்த ஒயிலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ரோஸ் பிறகு ஆடினவரா?" என்றார். 2018 ஒக்டோபர் 31, மினசோட்டா அணிக்காக யூட்டாவுக்கு எதிராக 50 புள்ளி எடுத்துவிட்டு அழுதார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெடியனை நான் ஒருக்கால் பார்க்கலாமோ?" என்றார்.

சனிக்கிழமை பின்னேரங்களில் வந்து இறங்கப் பழக்க அவர் தயார். காசு வேண்டாம். இருக்க ஒரு கதிரையும், கூடைப்பந்துத் திடல் கேற்றின் திறப்பும் போதும் என்கிறார். எங்கள் பாடசாலை விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அந்தத் திறப்பைத் தந்தால், வருகிற சனிக்கிழமை நானே அவரைச் சைக்கிளில் ஏற்றி வருகிறேன்.