எந்த வேலையை வீட்டுக்குள் விடலாம்?

குடியாத்தம்

அன்பு மகளுக்கு,

குழந்தை அழுததால் பேச்சின் பாதியிலேயே போனை வைத்துவிட்டாய். வீட்டிலிருந்தே பார்க்க நான்கு வேலை இருக்கிறது, எதை எடுக்கட்டும் அம்மா என்று நீ கேட்டது இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து சம்பாதிப்பது எப்படியிருக்கும் என்று நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடம் பீடி சுற்றியவள் நான்.

குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி, ஆரணியில் பட்டுத் தறி, ஆம்பூரில் செருப்புக்கு மேல்தோல் தைப்பது என்று, நம் பக்கத்தில் வேலை எப்போதோ வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வாசற்படி தாண்டாமல் நாலு காசு பார்க்கலாம் என்றுதான் எங்களிடமும் சொன்னார்கள்.

உனக்கு நினைவிருக்கும். முந்தின இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பேன். விடிந்ததும் தகர அளவை வைத்துக் கத்தரிப்பேன். மடியில் முறம், முறத்தில் தூள். நடுவில் உலை கொதிக்கும், தண்ணீர் வரும், உனக்குக் காய்ச்சல் அடிக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நேரத்துக்குக் கணக்கே கிடையாது. அதனால் சோறு வடிக்கும்போதும் மனம் எண்ணிக்கையிலேயே கிடக்கும். நீ பள்ளிக்கூடத்துக் கதை சொல்ல வருவாய். "அப்புறம் சொல்லு" என்பேன். அந்த அப்புறம் பல நாள் வரவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது கண்ணு.

சாயங்காலம் கொண்டுபோனால் காண்டிராக்டர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து ஒரு பிடியைக் கழிவு என்று ஒதுக்கிவிடுவார். அதற்குக் கூலி இல்லை, பீடியும் திரும்பி வராது. வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் என் பெயரில் ஒரு பாஸ் புத்தகம் அவர் போடவில்லை. பி.எஃப். என்று ஒரு ரூபாய்கூட எனக்குச் சேரவில்லை.

ஆகவே, என்ன வேலை என்று பார்ப்பதற்கு முன்னால், கூலி மணிக்கா உருப்படிக்கா, தவறு என்று தள்ளுவது யார், உன்னை ஊழியராக எடுத்துக்கொள்கிறார்களா இல்லை ஒப்பந்தமா என்று கேட்டுவிடு. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கு.

டேட்டா என்ட்ரி வேண்டவே வேண்டாம். பக்கத்துத் தெருப் பெண் 2,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தாள். பத்து நாள் கண் வலிக்க டைப் அடித்த பிறகு, பிழை அதிகம், அபராதம் கட்டு, இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டினார்கள். பயந்து இன்னும் கொஞ்சம் கட்டினாள். சைபர் மோசடிக்கென்று இருக்கும் 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வேலை கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்டால் அங்கேயே எழுந்துவிட வேண்டும்.

அமெரிக்கக் கம்பெனிக்குப் போனில் பேசும் வேலைக்குச் சம்பளம் அதிகம் என்றாய். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. விடிய விடியப் பேசிவிட்டுப் பகலில் இரண்டு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? மாப்பிள்ளை எட்டரைக்கே கிளம்பிவிடுகிறார். அதோடு, குழந்தை அழுதால் உன் குரல் நடுங்கிவிடும். எதிரில் இருப்பவரிடம் சிரித்துப் பேச உன்னால் முடியாது. டியூஷனும் மாலையில்தான், பிள்ளை உன் முந்தானையைப் பிடித்து இழுக்கிற நேரம்.

கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதும் வேலையைக் கடைசியாக, மனமில்லாமல் சொன்னாய். எனக்கு அதுதான் உனக்கென்றே வந்ததாகத் தோன்றுகிறது. முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுக் கட்டி, ஒன்று குறைந்தாலும் பிரித்து மறுபடி எண்ணுகிற பிள்ளை நீ. ஆபீசில் இருந்தபோதும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் என் போனை எடுக்க மாட்டாய். இந்த வேலைக்குத் தேதிதான் முக்கியம். பிள்ளை தூங்கும்போது எழுதலாம், விழித்தால் மூடி வைக்கலாம். தேதி நெருங்கும் நாட்களுக்கு மட்டும் முன்னேற்பாடு வேண்டும். முதலில் இரண்டு கடை போதும். பணம் குறைவுதான், ஆனால் கடை கூடக்கூட அது உன் பெயரில் வளரும்.

ஒரு வாரம், குழந்தை எப்போது தூங்குகிறது, எப்போது எழுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை. நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்ததும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறேன். ஒரு மாதம் இருந்து 11-ம், 20-ம் தேதி நெருக்கடியில் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். நோட்டை எடுத்து வை, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்
அம்மா