புதுப் பை வேண்டாம்

அன்புள்ள கதிரேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளிடம் சொல்லிவிடு.

பிளாஸ்டிக் பையைக் குறைக்கப் பத்துத் துணிப்பை வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. 2011இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை கடைப் பைகளை உற்பத்தி முதல் குப்பை வரை கணக்குப் பார்த்தது. மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே தடவை பயன்படுத்தி எறிவதைவிடப் புவி சூடாவதில் குறைவான பங்கு வேண்டுமென்றால், காகிதப் பையை 3 தடவை, நெய்யாத பாலிப்ரொப்பிலீன் பையை 11 தடவை, பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். பருத்தியை விளைவித்து நெய்வதற்கு அவ்வளவு நீரும் எரிபொருளும் போகிறது. வாரம் ஒரு பை என்று பத்தையும் மாற்றி மாற்றித் தூக்கினால் கணக்குத் தீரக் கால் நூற்றாண்டு ஆகும்! பிளாஸ்டிக் வடிகாலை அடைப்பதும் கடலில் போய்ச் சேர்வதும் இந்தக் கணக்கில் இல்லை. அந்த வகையில் துணிதான் மேல். அதனால் இரண்டு மூன்று பை போதும், நைந்து போகும்வரை அதையே தூக்கு. துணிபோலத் தெரியும் அந்த நெய்யாத பையும் பிளாஸ்டிக்தான். வெயிலில் கிடந்தால் செதில் செதிலாக உதிரும்.

பழைய திரைச்சீலையோ தடித்த போர்வையோ இருந்தால் அதில் தைத்துக்கொள். 56 செ.மீ. அகலம், 104 செ.மீ. நீளம் வெட்டி, நீளத்தை இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தை. அடி மூலை இரண்டையும் முக்கோணமாக இழுத்து, முனையிலிருந்து 7.5 செ.மீ. உள்ளே குறுக்குத் தையல் போட்டால் 15 செ.மீ. அகல அடிப்பாகம் கிடைக்கும். பை சாயாமல் நிற்கும். வாயை 4 செ.மீ. மடித்துத் தை. பை எப்போதும் கிழிவது கைப்பிடி ஒட்டும் இடத்தில்தான். ஒற்றைத் தையல் என்றால் பாரம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழுகிறது. பிடியின் நுனியை 5 செ.மீ. பை மேல் ஏற்றி, சதுரமாகத் தைத்து உள்ளே பெருக்கல் குறி போடு.

பெரிய பையோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே பார்த்தால் ஒவ்வொரு காய்க்கும் சுருளிலிருந்து கிழித்த ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை இருக்கும். எண்ணிக்கையில் அதுதான் மிஞ்சும். ஆறேழு சுருக்குப் பை தைத்து வைத்துக்கொள். காய்க்கு வலைத்துணி நல்லது, உள்ளே இருப்பது எடை போடுபவருக்குத் தெரியும். மாவுக்கும் தானியத்துக்கும் நெருக்கமாக நெய்த மெல்லிய துணி வேண்டும், வலையில் ஒழுகிவிடும். இந்தப் பைகளில் தையல் விளிம்பை உள்ளே மடித்துத் தைக்காவிட்டால் நூல் பிசிறு மாவில் கலக்கும். வெறும் பையின் எடையை அழியாத மையில் அதன்மேலேயே எழுதிவிடு. டப்பா கொண்டு போனால் வெறும் டப்பாவைத் தராசில் வைத்துச் சுழியாக்கிய பிறகே நிரப்பச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் டப்பாவின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பாய்.

இறைச்சிக்கும் மீனுக்கும் மூடி இறுகிய டப்பா. அதை வைக்கும் பையைத் தனியாக ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் சுடுநீரில் சோப்புப் போட்டுத் துவைத்து நன்றாகக் காயவை. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை வாடை பிடித்து, பிறகு யாரும் தொடமாட்டார்கள். கீரைக்கு மட்டும் பிளாஸ்டிக்கை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. அது ஈரத்தைக் காக்கிறது, துணியோ உறிஞ்சிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் கீரையை ஈரத்துணியில் சுற்றி மூடிய பாத்திரத்துக்கு மாற்று.

இத்தனையும் செய்துவிட்டுப் பையை வீட்டில் மறந்தால் என்ன பயன்? சாமான் இறக்கியதும் முதல் வேலையாகப் பையை வாசல் கைப்பிடியில் மாட்டிவிடு. பணம் கட்டும் இடத்தில் சாமானுக்கு முன்னால் உன் பையை எடுத்து வை. நீ வாய் திறப்பதற்குள் கடைக்காரரின் கை பழக்கத்தில் பிளாஸ்டிக் பையை விரித்துவிடும்.

'மக்கும்' என்று அச்சிட்ட பைகளை நம்பி ஏமாறாதே. பெரும்பாலானவற்றுக்குக் குப்பையை மக்கவைத்து உரமாக்கும் ஆலையின் சூடு வேண்டும், வீட்டுக் குப்பைக் குழியில் அப்படியே கிடக்கும். சீக்கிரம் சிதைவதற்கென்று வேதிப்பொருள் கலந்த 'ஆக்சோ' வகை பிளாஸ்டிக் வெறுமனே துண்டு துண்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2021 முதல் தடைசெய்துவிட்டது.

வீட்டில் ஏற்கெனவே குவிந்திருக்கும் பைகளைத் தூக்கிப் போடாதே. கிழியும்வரை கடைக்கு எடுத்துப் போ, பிறகு குப்பைத் தொட்டிக்குள் விரி. பாட்டில்களோடு சேர்த்து மறுசுழற்சிக்கு மட்டும் போடாதே. தரம் பிரிக்கும் இயந்திரத்தின் சுழலும் தண்டில் மெல்லிய பை சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.

உன்னிடம் பழைய துணி எத்தனை மீட்டர் இருக்கிறது, அகலம் என்ன என்று அளந்து எழுது. வீணாகாமல் எப்படி வெட்டுவது என்று படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிதம்பரம்